ஆயுத பூஜைக்கு மட்டும் திறக்கிற தையல் மெஷின்

12 அக்டோபர் 2024 (வாசகர் ஒருவர் தொடங்கிய விவாத இழை)

விஜயதசமி அன்று ஒரு கசப்பான விஷயம் சொல்கிறேன். "கிட்டார் கத்துக்கணும், படம் வரையணும், கதை எழுதணும்" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பவர்களுக்கு அந்த வேலை உண்மையில் பிடிக்கவே பிடிக்காது. பிடித்திருந்தால் எப்போதோ தொடங்கியிருப்பார்கள். பசிக்கிறவன் சாப்பாட்டை ஒத்திப்போடுவானா? பிடிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டு விட்டுத் தொலையுங்கள், மனசாவது லேசாகும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

13 அக்டோபர் 2024 (மறுப்பு எழுதும் இன்னொரு வாசகர், இனி வருபவை எல்லாம் இவருடையவை)

பசிக்கிறவன் சாப்பாட்டை ஒத்திப்போட மாட்டான், சரி. சமைப்பதை ஒத்திப்போடுவான். ராத்திரி பத்து மணிக்கு வயிறு கிள்ளும்போதும் எழுந்து போய் உலை வைக்காமல் பிஸ்கட் டப்பாவைத் தேடுகிற ஆளை நீங்கள் பார்த்ததில்லையா? நான் அந்த ஆள்.

என் விஷயம் தையல். திண்டிவனத்தில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன், வயது 46. வீட்டில் அம்மாவுடைய கால் மிதி தையல் மெஷின் இருக்கிறது, கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் பூ வேலை போட்டது. அம்மா தெருவுக்கே பாவாடையும் ஜாக்கெட்டும் தைத்துக் கொடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். கண்ணில் புரை வந்த பிறகு நிறுத்திவிட்டார். தலையை உள்ளே மடக்கிப் பலகையை மூடினால் மேஜை மாதிரி ஆகிவிடும் இல்லையா, அதன் மேல் டிவி ஏறியது. முதலில் 2006-இல் ஆரம்பித்த இலவசக் கலர் டிவித் திட்டத்தில் எங்களுக்கு வந்த பெட்டி, அது போன பிறகு ஒரு தட்டை டிவி. டிவிதான் மாறியது.

வருடத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மட்டும், டிவியை இறக்கி, தலையை வெளியே எடுத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்போம். ஒவ்வொரு தடவையும் "இந்த வருஷம் கத்துக்கிறேன்" என்பேன். மறுநாள் டிவி பழையபடி ஏறிவிடும். முந்தாநாள் நடந்தது 14-ஆவது தடவை. பிடிக்காத வேலை என்றால் ஒரு மனுஷன் எதற்கு 14 வருடம் அதே பொய்யைச் சொல்ல வேண்டும்? பிடிக்காததை நான் ஒரே வாரத்தில் மறந்துவிடுவேன். யோகா வகுப்புக்குக் கட்டிய பணத்தைப் பற்றி என் மனைவியிடம் கேளுங்கள்.

13 அக்டோபர், ராத்திரி

டிவியை இறக்கித் தரையில் வைத்துவிட்டேன். இன்றைக்கு அவ்வளவுதான். "படுத்துக்கிட்டுத்தான் டிவி பாக்கணுமா?" என்கிறாள் மகள்.

16 அக்டோபர்

சின்னதாகத் தொடங்குங்கள், இரண்டு நிமிட வேலையாக நறுக்கிக்கொள்ளுங்கள் என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்தேன். திங்கட்கிழமை தூசி தட்டினேன். நேற்று எண்ணெய் விட உட்கார்ந்தால் சக்கரம் நகரவே இல்லை, உள்ளே எல்லாம் பசை மாதிரி மஞ்சளாக இறுகிக் கிடக்கிறது. யாரோ ஒரு பூஜைக்கு நல்லது செய்வதாக நினைத்துத் தேங்காய் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான். தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். முதலில் வழவழவென்று இருக்கும், நாளாக நாளாகக் காய்ந்து கோந்தாகிவிடும். இரும்புக்கடை, சைக்கிள் கடை எல்லாவற்றிலும் குட்டிப் பாட்டிலில் மெஷின் எண்ணெய் கிடைக்கிறது, நிறமே இல்லாமல் தண்ணீர் மாதிரி இருக்கும்.

இறுகியதை இளக்க மண்ணெண்ணெய் வேண்டும் என்றார் அம்மா. இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? மண்டியில் ஒரு லாரி டிரைவர் அரை பாட்டில் தந்தார். ஓட்டை ஓட்டையாகச் சொட்டு விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி, பழந்துணியால் துடைத்து, மறுபடி விட்டு, ராத்திரி பதினொன்றரை மணிக்கு அது ஒரு முழுச் சுற்று சுற்றியது. சத்தம் இருக்கிறதே, அது எனக்கு ஐந்தாம் வகுப்பு ஞாபகம்.

20 அக்டோபர்

தோல் பெல்ட் இற்றுப்போயிருந்தது, புதுசு வாங்கினேன். நீளமாகத்தான் தருவார்கள், நாம் அளவுக்கு வெட்டிக் கம்பிக் கொக்கியால் இணைக்க வேண்டும். கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் மிதி சுற்றும், சக்கரம் சுற்றாது. அப்புறம் ஊசி 14-ஆம் நம்பர் ஒரு பாக்கெட், 16-ஆம் நம்பர் ஒன்று, பாபின் பன்னிரண்டு, பெரிய கத்தரி, இஞ்ச் டேப், மூன்று நிறத்தில் சாக்பீஸ், பன்னிரண்டு நிற நூல்கண்டு. 640 ரூபாய் ஆயிற்று. வரிசையாக ஒரு பலகாரத் தட்டில் அடுக்கிப் பார்த்தேன், அழகாக இருந்தது. முதல் படி ஏறியாயிற்று என்று இந்த இழையைத் தொடங்கியவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

27 அக்டோபர்

மேலே 20-ஆம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

இரண்டு வாரமாயிற்று. ஒரு தையல்கூடப் போடவில்லை. துடைத்தேன், எண்ணெய் விட்டேன், பெல்ட் மாட்டினேன், சாமான் வாங்கினேன், வீடியோ பார்த்தேன். எத்தனை வீடியோ என்று எண்ணவில்லை. காலர் எப்படி வைப்பது, பிளவுஸுக்கு லைனிங் எப்படிக் கொடுப்பது எல்லாம் வாயால் சொல்லுவேன். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

சின்னப் படி, சின்னப் படி என்று சொன்னீர்களே, அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சின்னப் படிகளை எத்தனை வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். துடைப்பதற்கு முன் துணி தேடலாம், அதற்கும் முன் துணி அலசலாம். நான் ஏறிக்கொண்டிருந்தது எல்லாமே வாசலுக்கு வெளியே இருக்கிற படி. முன்னெல்லாம் வெறுமனே தள்ளிப்போட்டேன், இப்போது 640 ரூபாய் செலவழித்துத் தள்ளிப்போடுகிறேன். இந்த வித்தியாசத்தை எங்கள் வீட்டம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டாள், இங்கே எழுத முடியாது.

ஏன் இப்படி என்று யோசித்தால் காரணம் தெரிகிறது. ஒன்பது வயதில் அம்மா இல்லாதபோது மெஷினில் ஏறி மிதித்து, ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு போனது. வடு இன்னும் இருக்கிறது. அந்தப் பயம்தான்.

2 நவம்பர்

தீபாவளி வந்து போனது. ஒன்றும் செய்யவில்லை. மகள் பாவாடை சட்டையைத் தையல் கடையில் கொடுத்து, "செவ்வாய்க்கிழமை வாங்க", "நாளைக்கு வாங்க", "காஜா மட்டும் பாக்கி, சாயங்காலம் வாங்க" என்று நான்கு நடை நடந்து, முந்தின நாள் ராத்திரி பத்தே முக்காலுக்கு வாங்கினோம். ஒத்திப்போடுவதில் உலகத்திலேயே கைதேர்ந்தவர்கள் தையல்காரர்கள்தான். அந்த வகையில் தொழிலின் பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும்.

10 நவம்பர்

விரலில் ஊசி ஏறிய கதை நிஜம், ஆனால் காரணம் அது இல்லை. அம்மாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். "அதுக்கு மறுநாளே ஏறி உக்காந்து மிதிச்சியேடா, நாலு அடி வாங்கினதாலதான் எறங்கின" என்றார். எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. காரணம் தேடும்போது கைக்கு முதலில் சிக்குவதை எடுத்துக்கொண்டு விடுகிறோம் போலிருக்கிறது.

சேலத்து அக்கா ஒருவர் இங்கே எழுதியதுதான் சரியாகப் பட்டது. தள்ளிப்போடுவது நேரத்தைப் பற்றிய கோளாறு இல்லை, மனசு சம்பந்தப்பட்டது என்கிறார். தேடிப் படித்தேன். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டிமோதி பிச்சிலும் ஃபுஷியா சிரோய் என்பவரும் 2013-இல் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள்: ஒரு வேலையை நினைத்தாலே வருகிற சங்கடத்தை அந்த நிமிஷத்துக்கு ஆற்றிக்கொள்வதற்காகத் தள்ளிப்போடுகிறோம், நாளைய ஆள் பார்த்துக்கொள்வான் என்று அவன் தலையில் கட்டிவிடுகிறோம். சரி, எனக்கு என்ன சங்கடம்? என் கையால் தைத்த கோணல் தையலை, அதுவும் அம்மா உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து, நான் பார்க்க வேண்டுமே என்பதுதான். அம்மா போட்ட தையல் ரூல் தடியால் கோடு இழுத்த மாதிரி இருக்கும். 14 வருடமாக என் மனசிலும் நான் அப்படித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மனசில் தைக்கும்போது நூல் அறுவதே இல்லை.

அம்மா சொன்ன வழி வேறு. "நூலே வேண்டாம், பழைய ஊசி ஒண்ணை மாட்டு, பேப்பர்ல அடி." மகளுடைய பழைய கோடு போட்ட நோட்டில் இரண்டு தாள் கிழித்தேன். நூல் இல்லாமல், கோட்டின் மேலேயே ஊசியை ஓட்ட வேண்டும். அதிலும் முதல் அரை மணி நேரம் ஊசி பேப்பர் பக்கமே போகவில்லை, கால்தான் வேலை. மிதியை அழுத்தினால் சக்கரம் நம்மைப் பார்த்துச் சுற்ற வேண்டும். எனக்கு எதிர்ப்பக்கம் சுற்றியது. கையால் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அந்த வேகத்தைக் கால் பிடித்துக்கொள்ள வேண்டும், குதிகால் ஒரு அமுக்கு, விரல் ஒரு அமுக்கு. சிறுபிள்ளையாகச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டவர்களுக்குப் புரியும். புரிகிற நிமிஷம் புரிந்துவிடும், அதற்கு முந்தின நிமிஷம்வரை புரியவே புரியாது.

அப்புறம் பேப்பர். டக் டக் டக் என்று ஓட்டை விழுந்துகொண்டே போகிறது. முதல் கோட்டில் பாதி வழியில் ஊசி இடப்பக்கம் நழுவி அடுத்த கோட்டுக்குப் போய்விட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் குடித்தவன் நடந்த பாதை. ஏழாவது கோட்டில் ஓரளவு நேர். ஒன்று கவனித்தேன்: ஊசியைப் பார்த்துக்கொண்டே அடித்தால் கோணுகிறது. ஊசிக்கு ஒரு இஞ்ச் முன்னால், பேப்பர் வருகிற இடத்தைப் பார்த்தால் நேராகப் போகிறது. இதை எந்த வீடியோவிலும் சொல்லியிருப்பார்கள், நானும் கேட்டிருப்பேன். காதால் கேட்டது கைக்கு வரவில்லை.

12 நவம்பர்

"21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று ஒருவர் எழுத, நானும் அக்டோபரிலேயே காலண்டரில் 21 கட்டம் போட்டு வைத்தேன். அந்த 21-க்குப் பெரிய ஆதாரம் இல்லை. 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக எப்படியும் 21 நாளாவது ஆகிறது என்று எழுதியதிலிருந்து கிளம்பியது. "ஆவது" உதிர்ந்துபோய் எண் மட்டும் ஊர் சுற்றுகிறது. பிற்பாடு லண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவர் 96 பேரை 12 வாரம் கவனித்து எழுதியதில் நடுவில் நிற்கிற எண் 66 நாள், ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 வரை போகிறது. எனக்குப் பிடித்தது அதில் இன்னொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லையாம். தீபாவளி வாரத்துக்கு இதைப் பொருத்திக்கொள்கிறேன். ஒரு வாரத்தை ஒரு நாள் என்று எண்ணலாமா என்று யாரும் கேட்க வேண்டாம்.

17 நவம்பர்

தைத்துவிட்டேன்.

கைலி. மூட்டாத புதுக் கைலி ஒன்று பீரோவில் கிடந்தது. வழக்கமாக முக்குக் கடையில் கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் மூட்டித் தருவார். இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஒரே ஒரு நேர்த் தையல், முடிந்தது கதை. பழந்துணியில் பழகலாமே என்றுதான் முதலில் எடுத்தேன், கந்தல் துணி மூட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், இது கிழிந்தது, இது ரொம்ப மெல்லிசு, இது பாலியஸ்டர் என்று. இருபது நிமிஷம் போன பிறகு தெரிந்தது, மறுபடியும் வாசலில் நிற்கிறேன். எழுந்து போய்ப் புதுக் கைலியை எடுத்து வந்தேன். கெட்டால் கெடட்டும்.

கெட்டது. நூல் கோத்து, பாபின் மாட்டி, மிதித்தால் நான்கு தையலில் கடக்கென்று நின்றது. துணியைத் திருப்பினால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டு கிடக்கிறது. அடியில் குழம்பினால் பாபினில்தான் கோளாறு என்று யாருக்கும் தோன்றும். பாபினை மூன்று தடவை கழற்றி மாட்டினேன். அதே குருவிக்கூடு. அம்மா கட்டிலில் படுத்தபடியே "மேல் நூலைப் பாரு" என்றார். அடியில் சுருளுகிறது, மேலே எதற்குப் பார்க்க வேண்டும் என்று இன்னும் இரண்டு தடவை பாபினையே கழற்றி மாட்டினேன். கடைசியில் அவரே எழுந்து வந்தார். கண் சரியாகத் தெரியாது, ஆனால் விரல் நூல் போன வழியே தடவிக்கொண்டு போய், இறுக்கம் கொடுக்கிற இரண்டு வில்லைக்கும் நடுவில் நூல் போகாமல் வெளியே தொங்குவதைக் கண்டுபிடித்தது. மேல் நூலுக்குப் பிடிப்பு இல்லை என்றால் அது தளர்ந்து அடியில் போய்க் குவிகிறது. கையோடு ஊசியையும் தொட்டுப் பார்த்து, "தட்டைப் பக்கம் மாத்தி மாட்டியிருக்க" என்றார். நகத்துளை போட்ட ஊசியை 37 வருடம் கழித்து நான் தலைகீழாக மாட்டி வைத்திருக்கிறேன்.

பிறகு ஓடியது. சுமார் 48 இஞ்ச் தையல். நடுவில் ஒரு இடத்தில் வயிறு தள்ளியிருக்கிறது, கடைசி மூன்று இஞ்ச்சில் ஓரத்தை விட்டே வெளியே போய்விட்டது, பிரித்து மறுபடி அடித்தேன். தையல் நீளம் ஒரு பக்கம் எறும்பு, ஒரு பக்கம் வெட்டுக்கிளி. கட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டு வந்தேன், அவிழவில்லை.

27-ஆம் தேதி சின்னப் படியைத் திட்டினேன். அதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: படி சின்னதாக இருக்கலாம், ஆனால் அதில் ஏதாவது ஒன்று கெட்டுப்போக வழி இருக்க வேண்டும். எண்ணெய் விடுவதில் கெடுவதற்கு ஒன்றுமில்லை (தேங்காய் எண்ணெயைத் தவிர). நூல்கண்டு அடுக்குவதில் கெட ஒன்றுமில்லை. நூல் இல்லாத பேப்பர்கூட நடுவாந்தரம்தான். 230 ரூபாய் கைலிதான் எனக்கு முதல் படி. அதற்கு முந்தினவை எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை, எண்ணெய் விடாமல் மெஷின் ஓடியிருக்காது. அவற்றைக் கணக்கில் சேர்த்ததுதான் என் தப்பு. மண்டியில் இப்படி வராத சரக்கை வரவு வைத்தால் முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

18 நவம்பர்

இழை எங்கோ போகிறது, நானும் போகிறேன். "மெஷின் எதற்கு, கையால் தைத்துப் பழகலாமே, காந்தி வழி" என்று ஒருவர். காந்தியே தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார், ஐயா. 1924-இல் டெல்லியில் ஒருவர் அவரிடம் எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்க, இல்லை, சிங்கர் தையல் மெஷினைப் பாருங்கள், பயனுள்ள மிகச் சில கண்டுபிடிப்புகளில் அது ஒன்று என்றார். மனைவி கையால் தைத்துத் தைத்து அவதிப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார், அதில் ஒரு காதல் இருக்கிறது என்பது போலவும் சொன்னார்.

காந்திக்கு யார் சொன்னார்களோ. ஐசக் சிங்கர் பல குடும்பம் நடத்தி இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றவர். அவருக்குமுன் 1846-இலேயே எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிவிட்டார், அதை மீறியதாக ஹோவ் போட்ட வழக்கில் சிங்கர் அவருக்குப் பணம் கட்ட வேண்டி வந்தது. எனக்கு இதில் பிடித்த சங்கதி வேறு: 1850-களில் மெஷினை முழுப் பணம் கொடுத்து வாங்கச் சாதாரண வீடுகளால் முடியாததால் சிங்கர் கம்பெனி தவணை முறையில் விற்றுத்தான் வீட்டுக்கு வீடு கொண்டு போனது. தவணையில் வந்த சாமான், நான் அதற்கே 14 வருடம் தவணை சொல்லியிருக்கிறேன்.

3 டிசம்பர்

சார்ஜ் இப்போதுதான் ஏறியது. ஃபெஞ்சல் புயல் 30-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை, எங்களுக்கும் சளைக்காமல் ஊற்றியது. தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை, படி வரை வந்து நின்றது. கரண்ட் இரண்டு நாள் இல்லை. மண்டி மூடல். செல்போன் செத்துவிட்டது. டிவி தரையில் இருந்ததால் அதைத் தூக்கி முதலில் வைத்த இடம் எது தெரியுமா? மெஷின் மேல். பழக்கதோஷம். மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் டிவி கட்டிலுக்குப் போயிற்று.

கால் மிதிக்குக் கரண்ட் வேண்டாம். ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, பகல் வெளிச்சம் இருக்கிறவரை தைத்தேன். பழைய ஜன்னல் திரையில் பை. 2019 ஜனவரி முதல் நம் ஊரில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று அரசாங்கமே சொல்லியது, எங்கள் வீட்டில் இன்னும் காய்க்கடைக்காரரோடு "ஒரு கவர் குடுங்கண்ணே" பேரம் நடக்கிறது. முதல் பையில் ஒரு காது முறுக்கிக்கொண்டுவிட்டது. இரண்டாவதில் வாய் எது அடி எது என்று தெரியாமல் நான்கு பக்கமும் மூடித் தைத்துவிட்டேன், பஞ்சு அடைத்தால் தலையணை. மூன்றாவது பை. மகள் அதில் அவள் புத்தகங்களைப் போட்டுத் தூக்கிக் குலுக்கிச் சோதனை செய்தாள், ஒன்றும் ஆகவில்லை.

ஒருவர் அக்டோபரிலேயே 605-ஆம் குறளை என் முகத்தில் எறிந்திருந்தார், இப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். நெடுநீர், மறவி, மடி, துயில் நான்கும் கெடப்போகிறவர்கள் ஆசையாக ஏறுகிற படகு. நெடுநீர் என்றால் செய்ய வேண்டியதை நீட்டி நீட்டிச் செய்யும் குணமாம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து இத்தனை நாளும் ஏதோ பெரிய வெள்ளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற தண்ணீரைப் பார்த்தபோது அந்தப் பொருளும் தப்பில்லை என்றே தோன்றியது.

20 டிசம்பர்

முதலில் டிவியை இறக்கி 66 நாள் தாண்டிவிட்டது. பழக்கமாகிவிட்டதா? இல்லை. பல் தேய்க்கிற மாதிரி தானாக நடக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஸ்டூலை இழுக்குமுன் அந்தப் பழைய சங்கடம் வரத்தான் செய்கிறது, சின்னதாக. வாரத்துக்கு இரண்டு தடவை உட்கார்கிறேன், சில வாரம் ஒன்று. ஒரு தந்திரம் உதவுகிறது: எழுந்திருக்கும்போது தையலை முடிக்காமல் பாதியில், ஊசி துணியில் குத்தியபடியே விட்டுவிட்டுப் போகிறேன். மறுதடவை தொடங்க வேண்டியதில்லை, தொடர வேண்டியதுதான். அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது, ஊசி துரு ஏறும் என்கிறார்.

மண்டிக்கு அரிசி மாதிரி காட்டுகிற சின்னப் பை ஆறு தைத்துக்கொண்டு போனேன். முதலாளி எடுத்துப் பார்த்து, "எந்தக் கடையில குடுத்த? கோணலா இருக்கு, வேற ஆளைப் பாரு" என்றார். ஆறும் இப்போது உபயோகத்தில் இருக்கின்றன.

19 ஜனவரி 2025

இழையைத் தொடங்கியவர் பொங்கல் கழித்து வந்து எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்குப் பிடித்தது தையல் இல்லை. அம்மாவின் மெஷின். வேறு யாராவது ஒரு புது மோட்டார் மெஷினை வாங்கிக் கொடுத்திருந்தால் தொட்டிருக்க மாட்டீர்கள். ஆகவே நான் சொன்னது சரி" என்கிறார்.

மூன்று நாளாக இதற்குப் பதில் யோசிக்கிறேன். பாதி சரியாக இருக்கலாம். கோட்டின் மேல் ஊசியை ஓட்டும்போது வருகிற நிம்மதி தையலுடையதா, அந்தச் சத்தத்துடையதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் அம்மா மெஷின் அங்கேயே 14 வருடம் இருந்தபோது நான் தைக்கவில்லையே. பிடித்தது எது என்பதைத் தொட்ட பிறகுதான் தேட முடிகிறது, உங்கள் முறைப்படி முதலிலேயே தீர்ப்பு எழுதியிருந்தால் இந்தச் சந்தேகம்கூட எனக்கு வந்திருக்காது. கிட்டார்க்காரர்கள், படம் வரைகிறவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள், எனக்குத் தையல் மட்டும்தான் தெரியும், அதுவும் நேர்த் தையல்.

வளைவுத் தையல் அடுத்து. மகளுக்குப் பாவாடை. அளவு எடுத்தாயிற்று.

9 பிப்ரவரி

பாவாடை எங்கே என்று கேட்டவர்களுக்கு: துணி வெட்டியாயிற்று. இடுப்பில் இரண்டு இஞ்ச் குறைத்து வெட்டிவிட்டேன். அம்மா அதில் ஒரு பட்டி வைத்து ஒட்டுப் போடச் சொல்லியிருக்கிறார், அதற்கு அதே நிறத்தில் துணி தேட வேண்டும்.

இதற்கு நடுவில் விஷயம் தெருவில் பரவி, எதிர் வீட்டு அக்கா ஒரு சேலையையும் ஃபால்ஸையும் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார், "நீங்க தைக்கிறீங்களாமே, அவசரம் இல்ல தம்பி". நல்ல பட்டுச் சேலை. கெட்டுப்போக நிறையவே வழி இருக்கிறது. பை நான்கு நாளாக மெஷின் மேலேயே இருக்கிறது. இன்றைக்குக் காலையில் பால் வாங்கும்போது அவர் கேட்டார். "செவ்வாய்க்கிழமை வாங்கக்கா" என்று சொல்லியிருக்கிறேன்.